சோள ரொட்டியும் நியாசின் குறைவும்: அம்மாவுக்கு என்ன செய்யலாம்

மூன்று வேளையும் சோள ரொட்டி, பருப்போ பாலோ கிடையாது, இப்போது கழுத்திலும் புறங்கையிலும் வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரிகிறது என்று அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம். நியாசின் (வைட்டமின் B3) குறைவால் வரும் பெலாக்ரா நோய் இப்படித்தான் தெரியும். வயிற்றுப்போக்கோ மறதியோ சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நியாசின் உணவிலிருந்து நேராக வருவது மட்டுமல்ல. புரதத்தில் உள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடலே அதைச் செய்துகொள்ளும். சுமார் 60 மில்லிகிராம் டிரிப்டோபானுக்கு 1 மில்லிகிராம் நியாசின். ஆனால் உடல் தன் புரதத் தேவையைப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை இதற்கு விடும். அதனால்தான் புரதத்தின் தரம் முக்கியம். பாலில் நியாசின் மிகக் குறைவு, ஆனாலும் அது பெலாக்ராவைத் தடுக்கிறது. மக்காச்சோளப் புரதத்தில் டிரிப்டோபான் குறைவு. உங்கள் வீட்டுச் சோளத்தின் கதை வேறு: அதில் லியூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அதிகம், அதுதான் நியாசின் உருவாவதைக் கெடுக்கிறது என்று ஹைதராபாத்தில் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் சொன்னார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை.

ரொட்டியை அடியோடு நிறுத்த வேண்டாம். ஒரு வேளையாக்கி, கூடவே பருப்பு, தயிர், முட்டை, வேர்க்கடலை கொடுங்கள். நியாசின் மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அதிக அளவில் அது சர்க்கரையை ஏற்றும்.