எந்நேரமும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் பூனை

கேள்வி: எங்கள் வீட்டில் கருத்தடை செய்யப்பட்ட இரண்டு வயதுப் பெண் பூனை இருக்கிறது. விடியற்காலையில் என் தலைமாட்டில் அமர்ந்து முகத்தையே பார்க்கிறது. சமைக்கும்போது ஃபிரிட்ஜின் மேல் ஏறிக்கொள்கிறது. குளிக்கச் சென்றால் கதவுக்கு வெளியே காத்திருக்கிறது. மாலையில் பூக்கட்டும்போது எதிரில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இது இயல்புதானா? சற்று விலக்கி வைக்க வழி உண்டா?

பதில்: இயல்புதான். விலக்கி வைக்க முயல்வதைவிட, வேடிக்கை பார்ப்பதற்குப் பாதுகாப்பான இடத்தை அமைத்துக் கொடுப்பதே எளிது. வெளியே செல்லாத பூனைக்கு, அந்த வீட்டில் அசைவதும் மாறுவதும் பெரும்பாலும் நீங்கள்தான். உணவு எப்போது வரும், எந்தக் கதவு திறக்கும், வீடு எப்போது வெறுமையாகும் என்பதையெல்லாம் அது உங்கள் நடமாட்டத்திலிருந்தே கற்றுக்கொள்கிறது. சாவிக்கொத்தை எடுக்கும் ஓசைக்கும் மீன் நறுக்க அரிவாள்மனையை எடுக்கும் ஓசைக்கும் அது வெவ்வேறு விதமாகக் காதைத் திருப்புவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

குளியலறை வாசலில் காத்திருப்பதற்கும் இதுவே காரணம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ப்பவரின் குரலை முதலில் ஓரிடத்திலிருந்தும், உடனே அவர் அதற்குள் சென்றிருக்கவே முடியாத வேறோர் இடத்திலிருந்தும் ஒலிக்கச் செய்தபோது பூனைகள் திகைத்தன என்று 2021-இல் எழுதினார்கள். கண்ணுக்குத் தெரியாதபோதும் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவை மனத்தில் வைத்திருக்கின்றன. இத்தாலியில் மிலான் பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது: நாடாக்கள் கட்டிய மின்விசிறியைக் கண்ட 24 பூனைகளில் பெரும்பாலானவை விசிறியையும் வளர்ப்பவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன. குக்கர் விசில் அடிக்கும்போது உங்கள் பூனை உங்களைத் திரும்பிப் பார்த்தால், நீங்கள் பதறாமல் உங்கள் வேலையைத் தொடர்வதே அதற்குத் தேவையான பதில்.

ஃபிரிட்ஜின் மேலிருந்து அதை விரட்டாதீர்கள். உயரத்திலிருந்து பார்ப்பதே பூனைக்கு நிம்மதி. அந்த இடத்தை இழந்தால் அது அடுத்துத் தேடுவது அடுப்பு இருக்கும் சமையல் மேடையைத்தான். ஒரு பழைய துண்டை மடித்து மேலே போட்டுவிட்டால் அதுவே அதன் ஆசனமாகிவிடும். ஜன்னலோரத்திலும் ஓர் இடம் கொடுங்கள். ஆனால் மாடி வீடாக இருந்தால், பால்கனிக்கும் ஜன்னலுக்கும் உறுதியான கம்பி வலை அடித்த பிறகே திறந்து விடுங்கள். புறாவின் மீது கண் வைத்த பூனை விளிம்பைக் கவனிப்பதில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது நீங்கள் பூக்கட்டும் நேரம்தான். ஒரு சாண் தொலைவுக்குள் இருப்பவை பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அதனால்தான் அது மூக்கையும் மீசையையும் உங்கள் விரல் நுனிவரை கொண்டுவந்து, ஆடும் நூலை வாயால் பற்றிப் பார்க்கிறது. அதன் நாக்கிலுள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்குக் கடினம், விழுங்கவே செய்யும். நாக்கின் அடியில் சுற்றிக்கொண்ட நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடக்கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் எக்காரணம் கொண்டும் இழுக்காமல், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பூக்கட்டி முடித்ததும் நூல்கண்டையும் ஊசியையும் மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள். மல்லிகையால் ஆபத்தில்லை, ஆனால் லில்லி மலர்கள் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்பவை, அவை வீட்டுக்குள்ளேயே வேண்டாம்.

விடியற்காலைப் பார்வைக்கு வருகிறேன். அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பாக இருப்பது பூனையின் இயல்பு. அது பார்த்தவுடன் நீங்கள் எழுந்து உணவு வைத்தால், பார்த்தால் உணவு வரும் என்று கற்றுக்கொள்ளும். இரவில் பத்து நிமிடம் ஓட விட்டு விளையாடி, அதன் பிறகு உணவு கொடுங்கள். காலையில் எழுந்து அரை மணி நேரம் கழித்தே கிண்ணத்தைத் தொடுங்கள். முதல் சில நாள்கள் கூடுதலாகக் கத்தும்; நான்காம் நாள் மனமிரங்கி எழுந்துவிட்டால் பிடிவாதம் முன்னைவிட வலுப்படும். அப்படியே கண்ணுக்குக் கண் சந்தித்துவிட்டால், உங்கள் இமைகளை மெல்லத் தாழ்த்தித் திறந்து காட்டுங்கள். இதற்குப் பூனைகள் தாமும் இமை தாழ்த்திப் பதில் தருவதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020-இல் பதிவு செய்தது.

இவ்வளவு ஒழுங்காக உங்களைப் பின்தொடரும் பூனை, ஒருநாள் வராமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். வலியை மறைப்பது பூனையின் வழக்கம். ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடாவிட்டாலோ, மண் தட்டுக்குத் திரும்பத் திரும்பச் சென்று சிறுநீர் வராமல் திரும்பினாலோ, வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடும்.