சட்டம் வருவதற்கு முன் உரிமை எங்கே இருந்தது?

கேள்வி: அறம் சார்ந்த உரிமைகள் உண்மையிலேயே உண்டா, அல்லது மனிதர் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டவையா? அப்படிப் பேசி வைத்தவைதான் என்றால் மற்றவரை நியாயமாக நடத்த என்ன அடிப்படை?

உண்டு என்பதுதான் என் பதில். நான் யாழ்ப்பாணத்தவள், எங்கள் ஊர்க் கிணறுகளை விட்டுவிட்டு இதற்கு என்னால் பதில் எழுத முடியாது.

உரிமை சட்டத்தின் பிள்ளை, சட்டத்துக்கு முந்திய உரிமை என்பது பிதற்றல் என்றார் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜெரமி பெந்தாம். இலங்கையில் சாதியைக் காட்டி ஒருவரைக் கடையிலும் கோயிலிலும் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல்தான் வந்தது. அப்படியென்றால் 1956இல் ஒருவரைக் கடைவாசலில் நிறுத்திப் போத்தலில் தேத்தண்ணி கொடுத்தபோது எந்த உரிமையும் மீறப்படவில்லையா? அவருக்கு வந்த துன்பத்தால்தான் அது பிழை என்று பெந்தாமின் பக்கத்தார் சொல்வார்கள். எனக்கு அது போதாது. பழகிப்போய் அவர் துன்பமே படாமல் இருந்திருந்தாலும் அது பிழைதான்.

கிணற்றைப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் நீரைத்தான் எல்லாரும் குடித்து வந்தோம். வேலி எங்கே போட்டாலும் கீழே தண்ணீர் வளவு பார்த்து நிற்பதில்லை. அப்படியிருந்தும் ஒடுக்கப்பட்ட சாதியினர் அந்தக் காலத்தில் பல கிணறுகளில் தாங்களாக அள்ள முடியவில்லை. குடத்தோடு காத்திருக்க வேண்டியிருந்தது, மனம் வைத்து யாராவது அள்ளி ஊற்றும்வரை. ஊற்றியவர் தன்னை இரக்கமுள்ளவர் என்று நினைத்திருப்பார். குடத்தில் தண்ணீரும் நிரம்பியிருக்கும். ஆனாலும் அங்கே ஒரு அநியாயம் நடந்தது. காத்திருந்தவருக்குச் சேர வேண்டியதை அவர் இரந்து வாங்க வைத்தார்கள். நான் உரிமை என்று சொல்வது இதைத்தான்: இன்னொருவரின் இரக்கத்துக்காகக் காத்திராமல், ‘இது எனக்குரியது’ என்று நிமிர்ந்து கேட்கக்கூடிய நிலை.

சட்டம் வந்து பத்து வருடங்களுக்குப் பிறகும் தேநீர்க்கடைகளுக்குள் போகப் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போக உரிமை கேட்டு நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினரை அடித்தார்கள். 2018இல்கூடத் தென்மராட்சிக் கோயில் ஒன்றில், ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடிக்கக்கூடாதென்று மண் அள்ளும் இயந்திரத்தால் தேர் இழுத்ததாகச் செய்தி வந்தது. வாசித்தபோது வெட்கமும் கோபமும் வந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காவிட்டாலும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் ‘அந்தக் காலச் சூழ்நிலை அப்படி’ என்று யாராவது காரணம் சொல்லத் தொடங்குவார்கள். கடமையே இல்லாத இடத்தில் ஏன் காரணம் தேட வேண்டும்? அந்த மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது காரணம் சொல்பவருக்கும் உள்ளுக்குள் தெரிகிறது.

மற்றவரை எப்படி நடத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அன்பாக இருங்கள் என்று மட்டும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அன்பு கூடும், குறையும். வீட்டு வேலைக்கு வருபவருக்குச் சம்பளத்தை உதவிபோல நீட்டாதீர்கள். திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம் தன் காணியைக் கேட்டால் அதைச் சலுகை கேட்பதாகப் பார்க்காதீர்கள். அவர்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.