ஊசி டெஸ்ட்டில் ‘பெரிய நியூக்ளியஸ்’, ஆபரேஷனுக்குப் பிறகு ‘நடுத்தர அளவு’: எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

அம்மாவின் மார்புக் கட்டியில் நியூக்ளியஸ் (செல்லின் மையக்கரு) ஊசி டெஸ்ட்டில் பெரிது என்றும், ஆபரேஷனுக்குப் பிறகு நடுத்தரம் என்றும் வந்ததே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாதீர்கள், இரண்டு ரிப்போர்ட்டும் சரியாகவே இருக்கலாம். நான் ராமநாதபுரத்தில் திசு வெட்டிச் சாயம் போடும் லேப் டெக்னீசியன். முடிவு சொல்வது டாக்டர். ஆனால் அந்த நியூக்ளியஸ் கண்ணாடி ஸ்லைடுக்கு வந்து சேர்வது எங்கள் கை வழியாகத்தான்.

ஊசியில் எடுத்த செல்லைக் கண்ணாடியில் தேய்த்துக் காற்றில் உலரவிட்டால் தட்டையாகப் பரந்துவிடும். நியூக்ளியஸும் விரிந்து பெரிதாகத் தெரியும். அதையே ஈரம் காயுமுன் ஆல்கஹாலில் போட்டால் சுருங்கும். ஆபரேஷன் திசு வரும் வழி இன்னும் நீளம்: ஃபார்மலின் (திசு அழுகாமல் காக்கும் திரவம்), தண்ணீரை எடுக்க ஆல்கஹால், ஆல்கஹாலை எடுக்க சைலீன், 60 டிகிரி வாக்கில் உருகிய மெழுகு. மெழுகில் உட்காருவதற்குள் திசு நன்றாகவே சுருங்கியிருக்கும். அப்புறம் 3, 4 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவுகிறோம். 10 மைக்ரான் நியூக்ளியஸ் அதில் எப்படி முழுசாக நிற்கும்? அவித்த முட்டையை நடுவில் வெட்டினால் பெரிய வட்டம், நுனியில் வெட்டினால் சின்ன வட்டம். ஸ்லைடில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஃபார்மலின். பாம்பன் பக்கம் கருவாடு போடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். நெத்திலியை முழுசாகக் காயப்போடலாம். பெரிய மீனான கட்டாவைக் கீறி உப்பு வைக்காவிட்டால் மேலே காய்ந்திருக்கும், முள்ளை ஒட்டி நாறியிருக்கும். ஃபார்மலினும் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் உள்ளே இறங்கும், ஆழம் போகப்போக இன்னும் மெதுவாக.

ஒருமுறை கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து, வாய் குறுகிய பாட்டிலில் திணித்த கட்டி வந்தது. கீறவே இல்லை; ஃபார்மலின் அடியில் இரண்டு விரல் உயரம். வெட்டினேன். ஓரம் சாம்பல் நிறத்தில் கெட்டி, நடு சிவந்து கொழகொழவென்று. ஸ்லைடில் ஓரத்து நியூக்ளியஸ்கள் தெளிவாக இருந்தன, நடுவில் இருந்தவை சுருங்கிக் கறுத்து மை தீற்றியதுபோல. ஒரே கட்டிதான், எங்கே அளப்பது? அந்தக் கட்டிக்குரிய பெண்மணியை இன்னும் மறக்கவில்லை. திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். மார்புத் திசு அதில் 6 முதல் 72 மணி நேரம் இருக்க வேண்டும். இது தவறினால் ஹார்மோன் ரிசெப்டார் டெஸ்ட்டும் (கட்டி ஹார்மோனுக்குக் கட்டுப்படுமா என்று பார்ப்பது) கெடும். மருந்தை முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டே.

டாக்டர்கள் இதெல்லாம் தெரிந்தேதான் பார்க்கிறார்கள். அதே ஸ்லைடில் இருக்கும் நல்ல செல்லோடு ஒப்பிடுவார்கள், அதுவும் அதே வழியில் சுருங்கி வந்தது என்பதால். மார்புக் கட்டிக்குக் கிரேடு (எவ்வளவு தீவிரம் என்ற மதிப்பு) போட நியூக்ளியஸ் மட்டும் போதாது. குழாய் அமைப்பு, செல் பிளவு எண்ணிக்கை இரண்டுக்கும் மார்க் உண்டு.

ஊசி ஸ்லைடு, ஆபரேஷன் ஸ்லைடு, திசு பதிந்த மெழுகு பிளாக் மூன்றையும் கேட்டு வாங்கி ஒரே பேத்தாலஜிஸ்ட்டிடம் (ஸ்லைடு பார்த்து முடிவு சொல்லும் டாக்டர்) காட்டுங்கள். பிளாக் இருந்தால் புதிதாக வெட்டிப் பார்க்கலாம். மதுரைக்குக் கொண்டுபோவதானால் பிளாக்கை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள்.