தூங்குபவரை எழுப்பி ஆதார் கேட்கலாமா?

கேள்வி: சென்னையில் வீடற்றோர் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போகிறேன். படிவத்தில் ஆதார் எண் கேட்கிறார்கள். இல்லாதவரை விட்டுவிடலாமா? தூங்குகிறவரை எழுப்பலாமா? (கல்லூரி மாணவி, பெரம்பூர்)

பதில்: விடவும் கூடாது, எழுப்பவும் கூடாது. ஆதார் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். வாக்காளர் பட்டியலில் சேரவே வீடற்றவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. படிவம் 6-இல் அவர் எழுதிய இடத்துக்கு அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் வந்து, அங்கேதான் படுக்கிறாரா என்று பார்த்தால் போதும். ஓட்டுக்குப் போதுமான நடைபாதை, கணக்கெடுப்புக்கு மட்டும் ஏன் போதவில்லை? படிவம் அடிக்கிறவர்கள் ஒரு ராத்திரி பாரிமுனையில் நடந்து பார்த்திருந்தால் 'கதவு எண்' என்று ஒரு கட்டம் வந்திருக்காது.

இரவு பத்துக்கு மேல் போங்கள். கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகுதான் படுக்கை விரிப்பார்கள். டார்ச்சைத் தரையில் அடியுங்கள், முகத்தில் வேண்டாம். ஆணா, பெண்ணா, உத்தேச வயது, பக்கத்துக் கடைப் பெயர் அல்லது பாலத்தூண் எண், இவ்வளவு எழுதினால் போதும். ஒரே போர்வைக்குள் தாயோடு குழந்தையும் இருக்கும். ஒரு தலை என்று எழுதிவிட்டுப் போவதால்தான் குழந்தைக் கணக்கு எப்போதும் குறைகிறது. காலை ஐந்து மணிக்கு அதே தெருவுக்குத் திரும்பினால் முழித்திருப்பார்கள், அப்போது பேசுங்கள். எண்ணி முடிக்கும்வரை சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்காதீர்கள். அடுத்த தெரு ஆளும் வந்து நிற்பார், எண்ணிக்கை இரட்டிக்கும்.

புரோக்கர்களைச் சொல்லியே ஆக வேண்டும். 'பெரும்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு வீடு வாங்கித் தருகிறேன்' என்று பணமும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் வாங்குகிறவன், கணக்கெடுப்பு நடக்கும் வாரத்தில் உங்கள் பின்னாலேயே வருவான். 'இந்த அம்மாவிடம் பேர் கொடுத்தால் வீடு' என்பான். அதனால் முதல் வாக்கியமே 'இது வீட்டுக்கான விண்ணப்பம் இல்லை, காசும் இல்லை' என்று இருக்கட்டும். ஜெராக்ஸ் வாங்காதீர்கள். அட்டையை போனில் படம் எடுக்காதீர்கள். விரல்ரேகை கேட்கும் கருவியோடு யாராவது கூட வந்தால் அவரை விலக்கிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

ஒரு விஷயத்தில் மேற்பார்வையாளரே தடுமாறுவார். வடசென்னையில் தலைமுறை தலைமுறையாக நடைபாதையில் குடும்பம் நடத்துகிறவர்களிடம் ரேஷன் கார்டு இருக்கும், வாக்காளர் அட்டை இருக்கும், சில இடத்தில் அடுப்பும் பீரோவும்கூட இருக்கும். 'கார்டு இருக்கிறதே, எப்படி வீடற்றவர்?' என்று பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அடிக்க விடாதீர்கள். கார்டு என்பது கூரை இல்லை. தலைக்கு மேல் தார்ப்பாய் இருந்தாலும் அப்படித்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விளக்கமே நடைபாதை, மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் பிளாட்பாரம் என்று இடத்தைத்தான் சொல்கிறது, அட்டையை அல்ல. நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்பது விதி. குடும்பத்தோடு தங்கும் காப்பகம் எத்தனை தேவை என்பது இவர்களை எண்ணாமல் எப்படித் தெரியும்?

தெருவில் இருப்பவர்களைக் காப்பகத்துக்கு ஏற்றிப்போகும் மீட்பு வண்டியைக் கணக்கெடுப்போடு அனுப்பினால் மறுத்துவிடுங்கள். வண்டியைக் கண்டதும் 'பிச்சைக்காரர் பிடிக்க வந்துட்டாங்க' என்று பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். உடம்பு முடியாதவர் இருந்தால் 108, தனியாக இருக்கும் குழந்தைக்கு 1098.