ஆன்ஷேப்புக்கு மாற்றிய பின் துளை அளவைத் திருத்த முடியவில்லை: பதில்

உங்கள் மாணவர் அணியின் வண்டிப் பாகங்களை சாலிட்ஒர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளிலிருந்து, உலாவியில் இயங்கும் ஆன்ஷேப்புக்கு மாற்றிய பின் துளை அளவைத் திருத்த முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அப்ரைட்டில் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) உள்ள 8 மி.மீ. விட்டத் துளையை 9 ஆக்க, ஆன்ஷேப்பின் மூவ் ஃபேஸ் (முகப்பை நகர்த்தும்) கருவியில் ஆஃப்செட்டைத் தேர்ந்தெடுத்து, துளையின் உட்சுவரைச் சொடுக்கி 0.5 மி.மீ. கொடுங்கள். துளை பெரிதாவதற்குப் பதில் சுருங்கினால் திசை அம்பைத் திருப்புங்கள். துளையை முதலில் வரைந்த பழைய ஸ்கெட்ச் (கோட்டுப்படம்) திரும்ப வராது. அதைத் தேடி இரவுகளை வீணாக்காதீர்கள்.

சாலிட்ஒர்க்ஸிலிருந்து ஸ்டெப் கோப்பாக (மென்பொருள்களுக்கிடையே வடிவங்களை மாற்றும் பொதுக் கோப்பு வகை) எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஸ்டெப் பாகத்தின் வடிவத்தைக் கொண்டுவரும். ஃபீச்சர் வரிசையும் (பாகத்தை உருவாக்கிய படிகள்) மேட்களும் (பாகங்களுக்கிடையேயான இணைப்புகள்) பழைய மென்பொருளிலேயே தங்கிவிடும்.

அணியினர் வேலையைத் தொடங்கும் முன் ஒரு பேரிங்கை அளந்து பாருங்கள். அதன் எண் 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. அளவு 25.4 மடங்கு மாறியிருந்தால் அங்குலம், மி.மீ. குழப்பம்தான். அலகைச் சரிசெய்து மறுபடி இறக்குங்கள்.

எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டாம். இந்த ஆண்டு மாறப்போகும் அப்ரைட், பெடல், பிராக்கெட்டுகளை மட்டும் வரையுங்கள். அதையும் முதலாண்டு மாணவர்களிடம் கொடுங்கள், கை பழகிவிடும். போல்ட், பேரிங், மோட்டார் போன்று வாங்கிப் பொருத்துபவை வந்தபடியே இருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: 2டி வரைபடங்கள் ஸ்டெப்பில் வராது. பழைய உரிமம் முடிவதற்குள் அவை அத்தனையையும் பிடிஎஃப், டிஎக்ஸ்எஃப் (2டி வரைபடங்களுக்கான கோப்பு வகை) வடிவில் சேமித்துவிடுங்கள். பட்டறையில் கேட்கப்போவது அவற்றைத்தான்.