‘சின்ன வேலை’ என்று எழுதியிருக்கிறீர்களே…

கேள்வி: நான்கு வருடமாக நகம் வைக்கும் தொழில் செய்கிறேன். சில மாதங்களாக அக்ரிலிக் (செயற்கை நகம்) வைத்துக்கொண்டு போகிறவர்களில் பலர் நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அடிப்பக்கம் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டது என்று திரும்பி வருகிறார்கள். மூன்று பிராண்டு மாற்றிப் பார்த்துவிட்டேன். கூட்டம் அதிகமாகிவிட்டதால் விரலை வெந்நீரில் ஊறவைப்பது, தோலைத் தள்ளுவது மாதிரி சின்ன வேலைகளை என் தங்கை பார்க்கிறாள் (வீட்டுப் பெண் என்பதால் சம்பளம் எதுவும் இல்லை). மற்றதெல்லாம் நானேதான். வாடிக்கையாளர்கள் சொன்னால் கேட்பதில்லை, வீட்டில் எல்லா வேலையும் அந்த நகத்தோடுதான் செய்கிறார்கள். போன வாரம் ஒருவர் நாலு பேர் முன்னால் கத்திவிட்டார். அவர் எதிரிலேயே தங்கையைத் திட்டி, பணத்தையும் திருப்பிக் கொடுத்துத்தான் சமாதானப்படுத்தினேன். இப்படிப்பட்டவர்களை எப்படிச் சமாளிப்பது?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: இந்தக் கடிதத்தை, வேறு வேறு கையெழுத்தில், எத்தனையோ முறை படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் வாடிக்கையாளர் பொல்லாதவர், பவுடர் மோசம், எழுதுகிறவர் மட்டும் பாவம். உங்களுக்கு ஆறுதலாக நாலு வரி எழுதலாம்தான். எழுதப் போவதில்லை.

உங்கள் கடிதம் மொத்தம் நாலு பக்கம். மூன்று பிராண்டின் பெயரும் இருக்கிறது, எதை எந்த மாதம் வாங்கினீர்கள் என்பது இருக்கிறது, கத்தியவர் போட்டிருந்த புடவை நிறம்கூட இருக்கிறது. தங்கையின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அவள் வருவது இரண்டே இடத்தில். ஒன்று சின்ன வேலை செய்கிறாள், இன்னொன்று திட்டு வாங்குகிறாள்.

அது சின்ன வேலை என்று உங்களுக்கு யார் சொன்னது? அக்ரிலிக்கின் லிக்விடும் பவுடரும் சேர்ந்து இறுகினால் ஒரு ஓடு கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஓடு நிற்பதும் கழன்று வருவதும் கீழே இருக்கிற நகத்தின் கையில் இருக்கிறது. நகத்தின் மேலேயே அடிப்பக்கத்தில், தோல் முடிகிற இடத்துக்கு முன்னால், கண்ணாடித் தாள் மாதிரி ஒரு செத்த தோல் நகத்தோடு ஒட்டிக்கொண்டு வளரும். புஷரால் ஓரத்துத் தோலை மேலே தள்ளியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். விரலை விளக்குக்கு அடியில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், அந்த இடம் மட்டும் வேறு மாதிரி பளபளக்கும். மெதுவாகச் சுரண்டினால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து வரும். அதை எடுக்காமல் மேலே அக்ரிலிக் வைத்தால் அது ஒட்டியிருப்பது நகத்தில் இல்லை, உரிந்து போகப் போகிற தோலில். நாலு நாள் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம்.

அப்புறம் அந்த வெந்நீர். படித்ததும் தலையில் கைவைத்துக்கொண்டேன். நகம் பார்க்கத்தான் கெட்டி, தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ஊறினால் உப்பும், வளையும். மேலே துணியால் துடைத்ததும் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த நிலையில் மேலே அக்ரிலிக்கை இறுக்கி அனுப்பிவிடுகிறீர்கள். அவர் வீட்டுக்குப் போனபின் நகம் காய்ந்து பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது, மேலே இருக்கிற ஓடு திரும்புவதில்லை. மழையில் உப்பின கதவுக்கு அளவெடுத்துச் சட்டம் அடித்தால் வெயில் வந்ததும் என்ன ஆகும், அதே கதைதான். நகத்துக்குச் சும்மா பாலிஷ் போடுகிற நாளில் ஊறவைக்கிற பழக்கம் இது. அக்ரிலிக் வைக்கிற நாளில் ஊறவைக்கவே கூடாது. தோலை உலர்ந்தபடியே தள்ளி, செத்த தோலை எடுத்து, மினுமினுப்பு போகிற அளவுக்கு மட்டும் லேசாக பஃபர் தேய்த்து, தூசியைத் தட்டி, டீஹைட்ரேட்டர் (ஈரத்தையும் எண்ணெய்ப்பசையையும் போக்குவது), பிரைமர் (அக்ரிலிக் பிடிக்க உதவுவது) என்று போகவேண்டும். அதற்கப்புறம் அந்த நகத்தை யாரும் தொடக்கூடாது, நீங்களும் சரி, வந்தவரும் சரி. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே எண்ணெய்ப்பசை ஏறிவிடும்.

இவ்வளவையும் சேர்த்துத்தான் ‘சின்ன வேலை’ என்று ஒரு பெண்ணிடம் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நீங்கள் பயிற்சிக்குப் போனது, சான்றிதழ் வாங்கியது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவள் போனதாக ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் செய்வதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருப்பாள். நீங்களும் ஒரு காலத்தில் ஊறவைத்தீர்கள், அதை அவள் இன்னும் செய்கிறாள். நீங்கள் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தே பல மாதம் ஆகியிருக்கும்.

வாடிக்கையாளர் நகத்தோடு எல்லா வேலையும் செய்கிறார் என்கிறீர்கள். செய்வார்தான், அது அவருடைய கை. ஆனால் அவர் கையாள்வதால் கெடுகிற நகம் இப்படிக் கெடாது. எங்காவது இடித்துக்கொண்டால் ஒரு விரலில், நுனிப்பக்கமோ நடுவிலோ உடையும். வலது கைக்காரர் என்றால் வலது கையில்தான் அதிகம் போகும். நுனி நீளமாக இருந்து, பலம் வேண்டிய இடத்தில் நீங்கள் மேடு வைக்காமல் தட்டையாக விட்டிருந்தால் அங்கே முறியும். பத்து விரலிலும் அடிப்பக்கத்திலிருந்து, ஒரு வாரம்கூட ஆகாமல், ஒரே மாதிரி வெள்ளையாகத் தூக்குகிறது என்றால் அது கடையிலேயே நடந்த தப்பு. நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். நாலு நாளில் வளர்ந்து தூக்கிவிட்டது என்று சொல்லவும் முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் ரீஃபில்லுக்கு (வளர்ந்த இடத்தை நிரப்ப) வருகிறவரின் இடைவெளி வேறு, இது வேறு.

எல்லாம் தங்கை தலையில்தான் என்று நினைத்து நிம்மதி அடையவேண்டாம். பிராண்டு மாற்றினேன் என்கிறீர்களே, புது லிக்விடையும் மிச்சமிருந்த பழைய பவுடரையும் சேர்த்து ஓட்டினீர்களா? பெரும்பாலானவர்கள் செய்வதுதான். ஒன்றுக்கொன்று அளவு பார்த்துத் தயாரித்த ஜோடி அது, பிரித்தால் சரியாக இறுகாது. பிரஷில் லிக்விட் அதிகமாகி, எடுக்கிற அக்ரிலிக் உருண்டை ஓடுகிற மாதிரி இருந்தால் தோலில் போய் ஒட்டும், இறுகும்போது சுருங்கித் தூக்கும். உலர்ந்து போனால் நகத்தைப் பிடிக்காமல் உதிரும். தோலுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் விடவேண்டும். தோலில் பட்டால் உடனே துடையுங்கள், அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. இறுகாத லிக்விட் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது, பல் மருத்துவரிடம் போனால்கூட அதைச் சொல்லியாக வேண்டும் (பல் அடைப்பிலும் இந்த வகைப் பொருள் உண்டு).

இதைப் படிக்கும்போது உங்கள் கையை நினைத்துக்கொண்டீர்கள் இல்லையா? நான் அவள் கையைத்தான் நினைத்தேன். நாள் முழுக்க நகம் ராவுகிற தூசியில் உட்கார்ந்திருப்பவளுக்கு முகக்கவசம் உண்டா, நைட்ரைல் கையுறை உண்டா? சம்பளமே இல்லாதவளுக்கு அதெல்லாம் எங்கே வாங்கியிருக்கப் போகிறீர்கள்.

சம்பளத்துக்கு வருகிறேன். வீட்டுப் பெண் என்றால் சம்பளம் வேண்டாம் என்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, இனிமேலும் ஒத்துக்கொள்ளமாட்டேன். வெளியாள் ஒருத்தியை வைத்திருந்தால் முதல் மாதமே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள், தப்பு செய்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருப்பீர்கள், ஏனென்றால் அவள் போய்விடுவாள். இவள் போகமாட்டாள் என்கிற தைரியம்தான் உங்களை இப்படி நடக்கவைக்கிறது. கூடப் பிறந்தவள் என்றால் கிள்ளுக்கீரையா? அக்கா என்பவள் நாலு பேர் முன்னால் தங்கைக்கு ஒரு சொல் வராமல் நிற்கவேண்டியவள். நீங்கள் அவளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொண்டீர்கள். கத்தியவர் அன்றைக்கு அடங்கியது உங்கள் நியாயத்தைப் பார்த்து இல்லை. எதிரில் ஒரு சின்னப் பெண் தலைகுனிந்து நின்றால் யாருக்கும் வாய் மூடிக்கொள்ளும். நானும் கடை நடத்தியவள், ஒருமுறை இதே மாதிரி என் உதவிப்பெண்ணைக் காட்டிக்கொடுத்தேன். அவள் மறுநாள் வந்தாள், ஆனால் அதற்கப்புறம் எதையும் என்னிடம் கேட்கவே இல்லை. சந்தேகம் வந்தாலும் கேட்கமாட்டாள். வேலை இன்னும் கெட்டது.

சரி, வாடிக்கையாளர். தூக்கின நகத்தோடு ஒருவர் வந்தால் வாசலிலேயே “பாத்திரம் தேய்ச்சீங்களா?” என்று ஆரம்பிக்காதீர்கள். உட்காரவைத்து, கையை வாங்கி, பத்து விரலையும் பாருங்கள். எந்த விரல், எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று கேளுங்கள். அடியிலிருந்து தூக்கியிருந்தால் “இது எங்கள் வேலையில் வந்த குறை” என்று சொல்லி, அந்த நகத்தை முழுசாக எடுத்துவிட்டு, காசு வாங்காமல் திரும்ப வையுங்கள். பசை விட்டு அழுத்தி அனுப்புகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இடுக்கில் ஈரம் மாட்டி, சூடோமோனாஸ் கிருமி வளர்ந்து நகம் பச்சையாகும், அப்போது கத்துவதற்கு அவருக்கு உண்மையிலேயே காரணம் இருக்கும். இடித்து உடைத்துக்கொண்டு வந்தவரிடம் பழுது பார்க்கக் காசு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். எது உங்கள் பொறுப்பு, எத்தனை நாள் வரைக்கும் என்பதை நகம் வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடவேண்டும், போகும்போது இரண்டு கையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். கையுறை போட்டு வேலை செய்யுங்கள், பிய்க்காதீர்கள், தினம் ஓரத்துக்கு எண்ணெய் தடவுங்கள் என்பதெல்லாமும் அப்போதே. கத்தினால் பணம் கிடைக்கும் என்று அந்த நாலு பேருக்கும் இப்போது தெரிந்துவிட்டது, அதைச் சரிசெய்யக் கொஞ்ச நாள் ஆகும்.

நாலாவது பிராண்டு வாங்காதீர்கள். ஒரு வாரம் ஆட்களைக் குறைத்துக்கொண்டு தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம் தெரிந்தவர் ஒருவருக்கு இடது கையை நீங்கள் தயார் செய்யுங்கள், வலது கையை அவள் செய்யட்டும், அக்ரிலிக் இரண்டுக்கும் நீங்களே வையுங்கள். பத்து நாள் கழித்து இரண்டு கையையும் இருவரும் சேர்ந்து பாருங்கள். இடது கையும் தூக்கியிருந்தால் என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

கத்தியவருக்கு ஃபோன் செய்யுங்கள், தங்கை பக்கத்தில் இருக்கும்போது. தப்பு கடையை நடத்துகிற என்னுடையது, அவளுடையது இல்லை என்று சொல்லுங்கள். அவர் திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை. பத்து நாள் கழித்து எனக்கு எழுதுவதாக இருந்தால் அவள் பெயரோடு எழுதுங்கள்.