ஸ்பைக்கா, புட்ச்சா, கில்லரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரொம் அன்ட் ஜெரியில் வரும் நாய்க்கு ‘ஸ்பைக்’ என்றுதான் பெயர் என்கிறாள் மகள். பழைய படம் ஒன்றில் அதே நாய்க்கு ‘புட்ச்’ என்று பெயர் இருந்தது. புட்ச் கறுப்புப் பூனை அல்லவா? – வாசகி, சுன்னாகம்

பதில்: இரண்டு பேரும் சரி. ஹன்னாவும் பார்பெராவும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 1940 முதல் 1958 வரை எடுத்த 114 குறும்படங்களில் பெயர்களை யாரும் பெரிதாகக் காப்பாற்றவில்லை. முதல் படத்தில் ரொம்முக்கே ‘ஜாஸ்பர்’ என்றுதான் பெயர். நாய் 1942இல் வந்தது. 1946இல் ‘கில்லர்’, 1948இல் மூவரும் சமாதான உடன்படிக்கை எழுதும் படத்தில் ‘புட்ச்’. கறுப்புத் தெருப்பூனை புட்ச்சோ 1943இலேயே வந்துவிட்டது. அதனால் கொஞ்சக் காலம் ஒரே பெயரில் ஒரு நாயும் ஒரு பூனையும் உலாவின. 1949இல் குட்டி ரைக் பிறந்ததை ஒட்டித்தான் தகப்பனுக்கு ஸ்பைக் என்ற பெயர் நிலைத்தது.

சாம்பல் நிறக் குட்டி எலியிலும் இதே குழப்பம் உண்டு. 1946இல் இடுப்பில் நப்பி கட்டிக்கொண்டு வந்தபோது ‘நிபிள்ஸ்’. காமிக்ஸ் புத்தகங்களில் ‘ரஃபி’. புதிய தொடர்கள் ரஃபியையே எடுத்துக்கொண்டன. ஆள் ஒன்றுதான்.

கேள்வி: புதிய தொடரிலும் அதே பூனை, அதே எலி, அதே நாய். ஆனாலும் பழையதைப்போல் சிரிப்பு வருவதில்லையே? – வாசகர், நல்லூர்

பதில்: ஸ்பைக்கைக் கவனித்துப் பாருங்கள், விடை அங்கேதான் இருக்கிறது. ரொம்மும் ஜெரியும் அநேகமாக வாய் திறப்பதில்லை. எனவே கதைக்குச் சட்டம் போட இன்னொருவர் வேண்டும். ஒஸ்கார் வாங்கிய 1945ஆம் ஆண்டுப் படமொன்றில், சத்தம் கேட்டால் தோலை உரிப்பேன் என்று ரொம்மிடம் சொல்லிவிட்டு நாய் நித்திரைக்குப் போகிறது. அவ்வளவுதான் சட்டம். அதன்பிறகு ஜெரிக்கு வேறு ஆயுதமே தேவையில்லை. மின்குமிழ்களை ஒவ்வொன்றாகக் கீழே போடுகிறான். ரொம் கையால், காலால், வாயால் என்று எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு நிற்கிறான். ஜெரி ஆறுதலாக வந்து ரொம்மின் வாலை மின்செருகியில் செருகுகிறான்; குமிழ்கள் எல்லாம் எரிகின்றன. எலி பூனையைத் தேடிப் பிடித்து அடிக்கவில்லை. பூனையைக் கட்டிப்போட்டது நாயின் ஒரு வசனம்.

1975ஆம் ஆண்டுத் தொடரில் பூனையும் எலியும் நண்பர்கள், ஜெரியின் கழுத்தில் சிவப்பு ‘போ’ ரை. துரத்தல் இல்லாத இடத்தில் காவல்நாய்க்கு என்ன வேலை? 2006இல் தொடங்கிய ‘ரேல்ஸ்’ தொடர் துரத்தலைத் திரும்பக் கொண்டுவந்தது. மீட்டெடுத்தவற்றில் எங்கள் தெரிவு அதுதான். 2014ஆம் ஆண்டுத் தொடரில் ஸ்பைக் அளவுக்கு மிஞ்சிப் பேசுகிறான். மிரட்ட வேண்டியவன் வம்பளந்தால் பயம் போய்விடும், பயம் போனால் சிரிப்பும் போய்விடும்.

கேள்வி: அகல ரீ.வி.யில் பழைய படம் போட்டால் ஸ்பைக் தவளைபோல் தட்டையாகத் தெரிகிறான். – வாசகர், பருத்தித்துறை

பதில்: ரீ.வி. இழுக்கிறது. பழைய படங்களின் அகல-உயர விகிதம் ஏறத்தாழ 4:3, உங்கள் திரை 16:9. றிமோட்டில் பட அளவை 4:3 ஆக்குங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். ‘சூம்’ போட்டால் பட்டை போகும், கூடவே மேலும் கீழும் கால்வாசிப் படமும் வெட்டுப்படும். ஜெரி ஓடுவது தரையோடுதானே! 1954 முதல் வந்த சினிமாஸ்கோப் படங்களுக்கு மட்டும் பட்டை மேலும் கீழும் வரும், அதையும் தொடவேண்டாம்.

கேள்வி: முன்பள்ளிச் சுவரில் ஸ்பைக்கையும் ரைக்கையும் கீற விரும்புகிறோம். போன முறை கீறிய படம் மாரிக்குப் பிறகு பொருக்காகக் கழன்றுவிட்டது. – ஆசிரியை, மானிப்பாய்

பதில்: கழன்றதற்குக் காரணம் பெரும்பாலும் உவர். சுவருக்குள் இருக்கும் உப்பு ஈரத்தோடு மேலே வந்து, பெயின்ருக்குப் பின்னால் காய்ந்து அதைத் தள்ளிவிடும். வெள்ளைத் தூளைக் கம்பிப் பிரஷ்ஷால் உலர்ந்தபடியே தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்பச் சுவருக்குள்தான் போகும். நிலத்திலிருந்து ஈரம் ஏறும் சுவரென்றால் அடிப்பக்கத்தை விட்டு மேலே கீறுவதே புத்தி. புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் நான்கு கிழமையாவது காயவேண்டும். பிறகு பிரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் எமல்ஷன் (தண்ணீர்ப் பெயின்ற்). ஈரம் வரும் சுவரில் எனமல் (எண்ணெய்ப் பெயின்ற்) பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போடும்.

8 அங்குல உயரம், 6 அங்குல அகலமான படத்தில் 1 அங்குலக் கட்டங்கள் போடுங்கள்: 48 கட்டம். சுவரில் கட்டத்துக்கு 6 அங்குலம். படம் 4 அடி உயரம், 3 அடி அகலமாக வரும். கோடுகளை வெண்கட்டியால் போடுங்கள். பென்சில் கோடு வெளிர் நிறத்துக்கு மேலாகவும் தெரியும். நிறங்களை முதலில் நிரப்பி, காய்ந்த பிறகே கறுப்புக் கரையைப் போடவேண்டும்.

பலரும் பிழைவிடுவது ரைக்கில். ஸ்பைக்கைச் சின்னதாக்கிக் கீறினால் ரைக் வராது, குள்ள ஸ்பைக்தான் வருவான். ஸ்பைக்குக்கு நெஞ்சு அகலம், இடுப்பு ஒடுக்கம், கால் கட்டை. ரைக்குக்குத் தலையும் உடலும் ஏறக்குறைய ஒரே உயரம். கண்கள் தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே. தகப்பனின் புருவத்தை மட்டும் மகனுக்கு வைத்துவிடாதீர்கள், குட்டி கிழடாகிவிடும்.